சாலைக்குக் கிளம்பி சிறைக்குப் போன 15 வயசுப் பெண்: யார் இந்த தில்லையாடி வள்ளியம்மை?

ஜோகன்னஸ்பர்க்கில் பத்துப் பதினைந்து பேராக வேன் ஏறி, டிராகன்ஸ்பெர்க் மலை பார்க்கப் போவது இப்போ ஜாலியான டூர் பேக்கேஜ். 1913 அக்டோபரில் ஏறக்குறைய அதே திசையில் தமிழ்ப் பெண்கள் சின்னக் குழுவாகக் கிளம்பினார்கள். ஜெயிலுக்குத்தான் போகப் போகிறோம் என்று தெரிந்தேதான்.

காஞ்சிப் பட்டு வாங்க எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தின் பெயரைப் படித்திருப்பார்கள்: தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. அந்த வள்ளியம்மை 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா முனுசாமி முதலியார், அம்மா மங்களம். தில்லையாடி, அம்மாவின் ஊர்.

அப்படி என்ன பிரச்சினை?

கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தாலி கட்டிய மனைவிக்கு ஒரே நாளில் சட்டப்படி மனைவி என்ற இடம் போச்சு. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கும் கூலித் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 3 பவுண்டு வரி வேறு. டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதியில்லாமல் நேட்டால் எல்லையைத் தாண்டுவது குற்றம். அதனால் அதையே போராட்டமாக்கினார் காந்தி.

முதலில் போன 11 பெண்களில் சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் வேலையை நிறுத்தச் சொல்லிப் பேசினார்கள், சுரங்கங்கள் நின்றன. அடுத்த குழுவில், அக்டோபரில் அம்மாவோடு கிளம்பினார் வள்ளியம்மை. டிசம்பரில் 3 மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை.

உள்ளே போன கொஞ்ச நாளிலேயே காய்ச்சல். முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். வேண்டாம் என்றுவிட்டார். இந்த இடத்தில் அவர் வாயில் பல வீர வசனங்களைப் பின்னாளில் ஏற்றிவிட்டார்கள். அதெல்லாம் இல்லாமலே இது கனமான முடிவுதான். வெளியே வந்தபோது உடம்பு தேறும் நிலையில் இல்லை. படுக்கையில் கிடந்தவரைக் காந்தி போய்ப் பார்த்தார். 1914 பிப்ரவரி 22, தன் 16-வது பிறந்தநாளில் இறந்தார்.

அதே வருஷம் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது, இந்தியத் திருமணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஜூலையில் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவுக்கல் திறப்பில் கலந்துகொண்ட காந்தி, 1915-ல் தில்லையாடிக்கே வந்தார். வள்ளியம்மை ஒரு தடவைகூடப் பார்க்காத ஊர் அது.