கேரி ஐயர் கப்பலேறிய வரலாறு

வங்காள தேசத்து ஸ்ரீராம்பூரில் அச்சுக்கூடமும் கலாசாலையும் நிறுவி, இந்திய பாஷைகள் பலவற்றில் கிறிஸ்துவ வேதத்தை அச்சிட்டு வெளிப்படுத்திய வில்லியம் கேரி ஐயரின் பெயரை அறியாதார் நம்மில் சிலரே. அன்னாரது பாஷைப் பணியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர் மனைவி மக்களோடு இத்தேசம் வந்து சேர்வதற்கான பொருள் எவ்வாறு திரண்டது என்பதையே ஈண்டு எழுதப் புகுந்தோம். சந்தாப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாய் ஏறியிறங்கிப் பழகிய நம் சங்கத்து அன்பர்களுக்கு இது தெரிந்த சங்கதியைப் போலவே தோன்றும்.

கேரி ஐயர் 1761-ம் ஆண்டில் இங்கிலாந்து நார்தாம்டன் ஜில்லாவிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் முதலில் நெசவாளி. பின்னர்ப் பள்ளி உபாத்தியாயர். மகனோ பாதரட்சை தைக்கும் தொழிலில் அமர்ந்து, இருபது வயது நிரம்புமுன்னரே டாரதி என்னும் மங்கையை மணந்தார். டாரதி அம்மையார் அவரினும் ஐந்து வயது மூத்தவர், எழுத்தறியாதவர், விவாகப் பதிவில் கைக்குறி இட்டவர். தோல் தைத்துக்கொண்டே பல பாஷைகளைக் கற்ற கேரி, பாப்திஸ்து சபைப் போதகரானார். அப்பொழுதும் வறுமை அவரை விட்டபாடில்லை.

அந்நிய தேசங்களில் சமயப் பிரசாரம் செய்வதைக் குறித்து 1792-ல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் தேசங்களின் ஜனத்தொகைப் பட்டியல் உண்டு. நமக்கு வியப்பளிப்பது பட்டியலன்று. பணத்திற்கு அவர் காட்டிய வழியேயாகும். தனவந்தர் ஒருவர் வருவாரென்று காத்திராமல், ஏழை எளியோர் வாரத்திற்கு ஒரு பென்னியாவது கொடுத்து வரலாமென்றார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வருத்தி விளைவித்த சர்க்கரையை அக்காலத்தில் பல குடும்பத்தார் அறவே விலக்கியிருந்தனர். அவ்வாறு மிஞ்சிய காசையும் இப்பணிக்கு ஈயலாமே என்று கணக்கிட்டுக் காட்டினார். அரைப்பணத்தின் அருமை அறிந்தவருக்கன்றி இக்கணக்குத் தோன்றாது.

அவ்வாண்டு அக்டோபர் 2-ந் தேதி கெட்டரிங் என்னும் ஊரில், ஒரு விதவையின் இல்லத்துப் பின்கட்டு அறையில் பதினான்கு பேர் கூடிச் சங்கம் அமைத்தனர். அனைவரும் சொற்ப வருவாயினர். தாம் கொடுக்கக் கூடிய தொகையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆண்ட்ரூ புல்லர் என்பாரது பொடிப்பெட்டியில் இட்டனர். கூட்டிப் பார்க்கையில் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. அதுவும் வாக்களித்த தொகையேயன்றிக் கையில் விழுந்த தொகையன்று. கேரியிடம் கொடுக்க ரொக்கம் இல்லை. தம் நூலின் லாபம் எதுவாயினும் அதைத் தருவதாகச் சொன்னார். இத்தொகையைக் கொண்டு ஒருவரையேனும் கடல் கடத்த இயலுமோ?

புல்லர் காரியதரிசியானார். சுரங்கத்தில் இறங்குவோன் கேரியாயின், மேலே நின்று கயிற்றை விடாது பிடிப்போர் தாமே என்று அவரும் நண்பரும் உறுதி கொண்டனர். புல்லர் லண்டன் மாநகருக்குச் சென்று வீடு தோறும் யாசித்தார். அங்குள்ள பெரியோர் பலர் ஒதுங்கியே நின்றனர். மனம் புண்பட்ட சமயங்களில், தாம் கண்ணீர் விடுவதை வழிப்போக்கர் காணாவண்ணம் அவர் சந்துகளில் ஒதுங்குவாராம். பர்மிங்காம் சபையாரோ 70 பவுன் அனுப்பிச் சங்கத்திற்கு உயிரூட்டினர்.

வங்காளத்தில் முன்னரே வசித்த ஜான் தாமஸ் என்னும் வைத்தியர் உடன்வர இசைந்தார். நல்லவரே, ஆயினும் கடன் வாங்குவதில் கையோட்டம் மிகுந்தவர். 1793 ஜனவரியில் இருவரும் நியமிக்கப்பட்டனர். அதன் பின்னரே பெரிய தடை எழுந்தது. கர்ப்பிணியாயிருந்த டாரதி அம்மையார், தாம் வருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். முன்பின் கண்டறியாத தேசம், ஐந்து மாதக் கடல் யாத்திரை, கையில் குழந்தைகள். அவர் மறுத்ததைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கேரியோ மூத்த மகன் பீலிக்ஸை மாத்திரம் அழைத்துக்கொண்டு ஏப்ரல் மாதம் கப்பலேறினார்.

அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் உத்தரவுச் சீட்டின்றி எவரும் இங்கு வரலாகாது. இவர்களிடம் சீட்டு இல்லை. கப்பல் துணைக்கப்பல்களை எதிர்நோக்கி நின்ற வாரங்களில், கப்பல் தலைவனுக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. தாமஸின் கடன்காரரும் தேடலாயினர். முடிவில் இருவரும் சாமான்களுடன் கரையில் இறக்கிவிடப்பட்டனர். பாடுபட்டுச் சேர்த்த பொருளில் ஒரு பகுதி வீணாயிற்று.

அந்நிலையில் டென்மார்க்குக் கப்பலொன்று கல்கத்தாவுக்குப் புறப்படுவது தெரியவந்தது. நம் தரங்கம்பாடியும் ஸ்ரீராம்பூரும் அந்நாளில் டென்மார்க்கு அரசருடையவை. அக்கப்பலுக்குக் கம்பெனியாரின் சீட்டு வேண்டுவதில்லை. கட்டணமோ பெரியவருக்கு 100 பவுன், குழந்தைக்கு 50 பவுன். கேரி வீட்டிற்கு விரைந்தார். அம்மையார் அப்பொழுதுதான் ஜாபேஸ் என்னும் மகவைப் பெற்றிருந்தார். மீண்டும் மறுத்தார். இருவரும் திரும்பி வழி நடக்கையில் தாமஸ் மாத்திரம் மறுபடி உள்ளே சென்று, குடும்பம் இவ்வாறு பிரியின் ஆயுள் முழுதும் வருந்த நேருமென்று அச்சுறுத்திப் பேசினார். தங்கை காதரின் உடன்வருவதாயின் வருவேனென்று அம்மையார் இசைந்தார். ஒரே நாளில் வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன, மூட்டைகள் கட்டப்பட்டன. சங்கத்தார் பவுன் கணக்கைப் பலமுறை கூட்டிப் பார்த்தனர். இவ்வம்மையாரின் மனக்கணக்கை யார் கூட்டினார்?

ஆட்கள் எண்மர், பணம் போதவில்லை. தாமஸும் காதரினும் பணியாட்களாய்ப் பெயர் எழுதிக்கொண்டு குறைந்த கட்டணத்தில் வர, நண்பர்கள் மீதியைத் திரட்டினர். 1793 ஜூன் 13-ந் தேதி கப்பல் புறப்பட்டு நவம்பரில் கல்கத்தா சேர்ந்தது.

பிழைப்புக்கென்று கொணர்ந்த சரக்குகளை விற்ற பணம் தாமஸின் கையில் விரைவில் கரைந்தது. குடும்பம் அலைந்து திரிந்து, 1794-ல் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் கேரிக்கு மேற்பார்வை உத்தியோகம் கிடைத்த பின்னரே நிலைபெற்றது. உடனே அவர் தம் செலவுக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாமென்று சங்கத்தாருக்கு எழுதிவிட்டார். அவ்வாண்டே ஐந்து வயதுப் பீட்டர் இறந்தான். டாரதி அம்மையாரின் சித்தம் கலங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையிலேயே இருந்து 1807-ல் காலமானார்.

1801 முதல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பாஷைகள் கற்பித்துப் பெற்ற பெரும் சம்பளத்தில் மிகுதியையும் கேரி ஸ்ரீராம்பூர்ப் பொதுநிதிக்கே இட்டார். 1815-ல் புல்லர் மறைந்தபின் லண்டனில் தலையெடுத்த புதிய நிர்வாகத்தார், ஸ்ரீராம்பூரின் சொத்து எவருடையதென்று கேட்கலாயினர். கடிதங்கள் கசந்தன. 1827-ல் இரு சாராரும் பிரிந்தனர். மறுபடி கூடியது 1837-ல். கேரி 1834 ஜூன் 9-ந் தேதியே காலமாகிவிட்டார். அவருடைய மரண சாசனத்தில், மற்றப் புதல்வர் பெற்றது போல் ஜாபேஸுக்கும் 1,500 ரூபாய் தர வேண்டுமென்றும், வேறு பொருளில்லாமையால் தம் புத்தகங்களை விற்று அத்தொகையைக் கொடுக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தார்.