ஹெர்ன் உபாத்தியாயர்

1850-ஆம் வருஷம் கிரேக்கத் தீவாகிய லெவ்காடாவில் ஜனித்த லாப்காடியோ ஹெர்ன், ஆங்கில உபாத்தியாயராக வேண்டுமென்று எண்ணிப் புறப்பட்டவரல்லர். பள்ளிப் பிராயத்திலேயே இடக்கண்ணை இழந்தார். 19-ஆம் வயதில் வறியராய் அமெரிக்கா சேர்ந்து பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தார். 1890-இல் ஒரு பத்திரிகைக்காக ஜப்பான் சென்றவர், அதனோடு பிணங்கவே, ஜீவனத்தின் பொருட்டு மட்சுயே நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் போதிக்கலானார். மங்கிய ஒற்றைக் கண்ணோடு எத்தனை கட்டுரைகளைத் திருத்தினாரோ! ஆங்கே கொய்சுமி செட்சு என்னும் மாதை மணந்தார். 1896-இல் ஜப்பானியப் பிரஜையாகி, தோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கிய ஆசிரியரானார். அயல்மொழியிற் கேட்போர் எழுதிக்கொள்ளுமாறு மெல்ல மெல்ல உரைப்பது அவர் வழக்கம். 1903-இல் அவர் விலக்கப்படுவதறிந்து மாணாக்கர் வெகுண்டு வாதாடினர், பயனில்லை. மறுவருஷமே காலமானார். அவ்வுரைகளை அவர் எழுதி வைத்தாரல்லர். மாணாக்கர் ஏடுகளிலிருந்தே அவை பின்னர் நூல்களாய் அச்சேறின.