ஊசி ஏந்திய வீரர் ஹாஃப்கின்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

வாளேந்திப் போர்க்களம் சென்றோரை வரலாறு வீரர் எனப் போற்றுகிறது. ஊசி ஏந்தி ஊர் ஊராகச் சென்ற ஒரு வீரரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர்தாம் வால்டெமர் ஹாஃப்கின்.

1860-இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான் பயிலும் விலங்கியலையே அவரும் பயின்றார். பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் சேர்ந்து, பின் ஆராய்ச்சியில் இறங்கினார். காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1892 ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். ஏறத்தாழ ஈராண்டுகளில் 40,000-க்கும் மேற்பட்டோர் அவ்வூசியைப் போட்டுக்கொண்டனர்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியது. மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். ஹாஃப்கினோ கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றின்மேல் நெய் மிதக்கவிட்டுக் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். செத்த கிருமி நோய் தராது. ஆனால் அதை இனங்கண்டு உடல் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிக்கொள்ளும். 1897 ஜனவரி 10-ஆம் நாள் அந்த ஊசியையும் முதலில் தாமே போட்டுக்கொண்டார்.

1902-இல் சோதனை வந்தது. பஞ்சாபின் மல்கோவால் என்ற சிற்றூரில் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் இரணஜன்னி கண்டு மாண்டனர். பத்தொன்பது பேருக்கும் ஒரே புட்டியின் மருந்துதான் செலுத்தப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது, பதவியும் பறிபோனது. அவ்வூரில் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அது சரிவரத் தூய்மை செய்யப்படாததும் பின்னர் வெளிவந்தன. ரொனால்டு ராஸ் போன்ற அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. கசப்பை மறந்து மீண்டும் கல்கத்தாவில் பணியேற்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கைக்குழந்தைக்கு ஊசி போட்டால் காய்ச்சல் வருமே, போடத்தான் வேண்டுமா என்று எங்கள் தெருத் தாய்மார்கள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களிடம் மல்கோவாலை மறைக்கலாகாது என்பது என் எண்ணம். அங்கே பிழைத்தது மருந்தன்று, தூய்மை. பத்தொன்பது உயிர்களைக் குடித்த அந்த இரணஜன்னிக்கே இன்று தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். அச்சத்தைப் பழிக்காமல் விளக்கம் சொல்வதே படித்தவன் கடமை.

1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார். பிறர் கையில் ஊசி குத்துமுன் தம் உடலில் குத்திக்கொண்ட அந்த நேர்மை, அறிவியல் பயிலும் நமக்கெல்லாம் வழிகாட்டியாகட்டும்!