ஜோன் டே (அச்சகர்)

ஜோன் டே (ஏறத்தாழ 1522 – சூலை 23, 1584) பதினாறாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த அச்சகரும் பதிப்பாளரும் ஆவார். சீர்திருத்தக் கிறித்தவ (புரட்டஸ்தாந்து) சமய நூல்களை அச்சிட்டமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஜோன் ஃபாக்ஸ் எழுதி, "இரத்தசாட்சிகளின் நூல்" என்று பரவலாக அழைக்கப்படும் பெருநூலை முதன்முதலில் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் இவரே.

தொடக்க காலம்

1546 ஆம் ஆண்டளவில் டே அச்சுத்தொழிலைத் தொடங்கினார். வில்லியம் செரெஸ் என்பவர் இவருடைய கூட்டாளியாக இருந்தார். 1547 இல் ஆறாம் எட்வர்ட் அரசரானபின் சீர்திருத்த நூல்களுக்கு இருந்த தடைகள் தளர்ந்தன. நற்கருணை பற்றிய கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுக்கும் சிறு நூல்களையும், ஹியூ லாட்டிமரின் மறையுரைகளையும், ஆங்கில விவிலியத்தையும் இவ்விருவரும் அச்சிட்டனர். 1549 இல் டே தமது அச்சகத்தை இலண்டனின் ஆல்டர்ஸ்கேட் பகுதிக்கு மாற்றினார். சிறிது காலத்தில் கூட்டு முடிவுற்றது.

சிறைவாசம்

1553 இல் எட்வர்ட் இறக்கவே, கத்தோலிக்கரான முதலாம் மேரி அரசியானார். சீர்திருத்த நூல்களை அச்சிடுவது குற்றமாயிற்று. அக்காலத்தில் "மைக்கேல் வூட்" என்ற புனைபெயருடனும், பிரான்சின் ரூவான் நகரில் அச்சிடப்பட்டது என்ற பொய்க் குறிப்புடனும் சில நூல்கள் இங்கிலாந்தில் பரவின. இவற்றை மறைவாக அச்சிட்டவர் டே என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1554 அக்டோபரில் இவர் கைதாகி, இலண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். மேரியின் ஆட்சி முடிவதற்குள் விடுதலை பெற்று, மீண்டும் இலண்டனில் தொழில் செய்தார்.

ஃபாக்சின் நூல்

1558 இல் முதலாம் எலிசபெத் அரசியானதும் டேயின் நிலை உயர்ந்தது. மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் சமயக் கொள்கைக்காக எரித்துக் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களைப் பற்றிய செய்திகளை ஃபாக்ஸ் திரட்ட, 1563 இல் டே அதனை வெளியிட்டார். முதற்பதிப்பு ஏறத்தாழ 1800 பெரிய பக்கங்களையும் ஐம்பதுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களையும் கொண்டிருந்தது. 1570 இல் வந்த இரண்டாம் பதிப்பு இரு தொகுதிகளாக, ஏறத்தாழ 2300 பக்கங்களாக விரிந்தது. இந்நூலைப் பேராலயங்களில் வைக்குமாறு 1571 இல் ஆங்கிலத் திருச்சபையின் குருமார் பேரவை பணித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படங்களின் வழியே இதன் செய்தியை அறிந்தனர். 1576, 1583 ஆகிய ஆண்டுகளிலும் டே இதன் புதிய பதிப்புகளை வெளியிட்டார்.

பிற நூல்கள்

பேராயர் மத்தேயு பார்க்கரின் ஆதரவுடன் பழைய ஆங்கில எழுத்துகளுக்கென இவர் தனி அச்செழுத்துகளை உருவாக்கச் செய்தார். இவற்றைக் கொண்டு 1566 அளவில் பழைய ஆங்கில மறையுரை ஒன்று அச்சிடப்பட்டது. யூக்ளிடின் வடிவவியல் நூலின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் 1570 இல் இவரே அச்சிட்டார். திண்ம வடிவங்களை விளக்க, மடித்து நிமிர்த்தக்கூடிய தாள்கள் அதில் ஒட்டப்பட்டிருந்தன.

தனியுரிமைகளும் எதிர்ப்பும்

பெருநூல் ஒன்றை அச்சிடத் தாளுக்கும் கூலிக்கும் பெருந்தொகையை முதலிலேயே செலவிட வேண்டும். விற்று முடியும்வரை அப்பணம் திரும்பாது. டேயின் தொழிலைத் தாங்கியவை சிறு நூல்களே. செய்யுளாக்கப்பட்ட சங்கீதங்கள், சிறுவர்க்கான அரிச்சுவடியும் வினாவிடையும் அடங்கிய நூல் ஆகியவற்றை அச்சிடும் தனியுரிமையை அரசு இவருக்கு அளித்திருந்தது. சங்கீதங்களின் முழுத்தொகுப்பு 1562 இல் வெளிவந்தது. கோயிலிலும் வீட்டிலும் பாடப்பட்டதால் அது மீண்டும் மீண்டும் அச்சேறியது.

இவ்வுரிமைகள் ஏழை அச்சகர்களின் பிழைப்பைப் பாதித்தன. ரோஜர் வார்ட் என்பவர் அரிச்சுவடி நூலின் ஏறத்தாழ 10,000 படிகளைத் திருட்டுத்தனமாக அச்சிட்டார். அவர்மீது டே 1582 இல் ஸ்டார் சேம்பர் எனப்பட்ட அரச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தடை செய்யப்பட்ட நூல்களை அச்சிட்டதற்காகச் சிறை சென்ற ஒருவர், பின்னாளில் பிறர் அச்சிடுவதைத் தடுக்க அரசின் துணையை நாடியது குறிப்பிடத்தக்கது. எனினும் இத்தனியுரிமைகளின் வருவாய் இல்லாமல் ஃபாக்சின் நூல் போன்ற பெரும் பதிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுவது கடினமாக இருந்திருக்கும்.

முத்திரை

டே என்னும் ஆங்கிலச் சொல் பகல் எனப் பொருள்படும். உறங்குபவனை ஒருவர் எழுப்பி, உதிக்கும் கதிரவனைக் காட்டும் படம் இவரது அச்சு முத்திரைகளுள் ஒன்று. அது இவரது பெயரையும், சமயச் சீர்திருத்தத்தை விடியலாகக் கண்ட கருத்தையும் ஒருங்கே குறித்தது.

மறைவு

1580 இல் இவர் இலண்டன் அச்சகர், நூல் வணிகர் சங்கத்தின் தலைவரானார். 1584 சூலை 23 அன்று எசெக்சில் உள்ள வால்டன் என்னும் ஊரில் காலமானார். சஃபோக் மாவட்டத்து லிட்டில் பிராட்லி தேவாலயத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இவரையும் குடும்பத்தினரையும் காட்டும் பித்தளை நினைவுத்தகடு அங்கு உள்ளது. இவரது மகன் ரிச்சர்ட் டேயும் அச்சுத்தொழிலில் ஈடுபட்டவர்.