பால்கேயின் கணக்கேட்டில் எழுதப்படாத வரி

1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், பம்பாயின் கிர்காம் பகுதியில் இருந்த காரனேஷன் அரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற மௌனப்படம் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. நான்கு சுருள்களில் அடங்கிய அந்தப் படத்தையே இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாக நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே 'ஸ்ரீ புண்டலிக்' திரைக்கு வந்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அது மேடை நாடகத்தை அப்படியே பதிவு செய்தது, ஒளிப்பதிவாளர் ஆங்கிலேயர், படச்சுருள் லண்டனில் கழுவப்பட்டது. கதையமைப்பு முதல் படச்சுருளைக் கழுவுவது வரை அனைத்தும் இந்த மண்ணிலேயே, இந்தியக் கைகளாலேயே நடந்தேறியது துண்டிராஜ் கோவிந்த பால்கேயின் படத்தில்தான்.

பொருளியல் பேராசிரியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, பால்கேயின் வாழ்க்கையில் கலைக்கு நிகராக ஆர்வமூட்டுவது அதன் முதலீட்டுக் கணக்கு. பெரும் நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் தனியொருவர் படம் எடுக்கத் துணிந்தால் பணம் எங்கிருந்து வருகிறது, உழைப்பை யார் தருகிறார்கள், இழப்பை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விகள் இன்றும் உயிர்ப்புடன் இருக்கின்றன. அவற்றுக்கான முதல் விடை பம்பாய் தாதர் பகுதியில் இருந்த ஒரு குடும்ப வீட்டில் எழுதப்பட்டது.

1870 ஏப்ரல் 30 அன்று நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் சமஸ்கிருத அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பால்கே. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பின்னர் பரோடா கலாபவனிலும் ஓவியம், புகைப்படம், அச்சுக்கலை ஆகியவற்றைக் கற்றார். கோத்ராவில் புகைப்பட நிலையம் நடத்திவந்தபோது பிளேக் நோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். செப்பிடுவித்தை பயின்று, தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'புரொபசர் கெல்பா' என்ற பெயரில் மேடையேறினார். 1902-இல் கிரிஜா என்ற பெண்ணை மணந்தார். புகுந்த வீட்டில் சரஸ்வதிபாய் எனப் பெயர் மாற்றப்பட்ட அவரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தொல்லியல் துறையில் வரைவாளராகவும் புகைப்படக் கலைஞராகவும் பால்கேவுக்குக் கிடைத்தது நிலையான அரசு வேலை. சுதேசி இயக்க அலை வீசிய காலத்தில் அவர் அதை உதறினார். ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்டு வந்த அச்சகத்துக்காகப் பணியாற்றியபின், கூட்டாளிகளின் முதலீட்டுடன் சொந்த அச்சகம் நிறுவினார். வண்ண அச்சு இயந்திரத்துக்காக 1909-இல் ஜெர்மனிக்கும் சென்றுவந்தார். கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு முற்றியபோது, தாம் உருவாக்கிய தொழிலிலிருந்து வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 40-ஐ எட்டியிருந்தது. கையில் வேலையும் இல்லை, சேமிப்பும் இல்லை.

இந்நிலையில்தான் 1911-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாள்களில் பம்பாய்த் திரையரங்கு ஒன்றில் இயேசுநாதரின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் படத்தைப் பார்த்தார். ராமனையும் கண்ணனையும் இதேபோல் திரையில் நடமாடச் செய்ய முடியாதா என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. அடுத்த சில மாதங்கள் கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தும் இரவு பகலாகச் சோதனைகள் செய்தும் கழித்ததில் கண்பார்வை மங்கிப்போனது. மருத்துவத்தால் பார்வை மீண்டது. படம் எடுக்கும் வேட்கையோ சற்றும் தணியவில்லை.

எந்த வங்கியும் அன்று இத்தகைய தொழிலுக்குக் கடன் கொடுத்திருக்காது. சினிமா என்பது தொழிலாகவே கருதப்படாத காலம் அது. 12,000 ரூபாய் மதிப்புள்ள தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து 10,000 ரூபாய் கடன் திரட்டினார் பால்கே. தாம் இறந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பாதுகாப்பையே அவர் மூலதனமாக்கினார். பொருளியல் நோக்கில் பார்த்தால், இடர்ப்பாட்டைச் சுமந்தவர் அவர் மட்டுமல்லர்; மனைவியும் குழந்தைகளும் அதன் பங்குதாரர்கள். இலாபத்தில் அவர்களுக்கு எத்தனை பங்கு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார். 'பயாஸ்கோப்' இதழின் ஆசிரியரைச் சந்தித்து, அவர் வழியாகத் திரைப்பட முன்னோடி செசில் ஹெப்வொர்த்தின் படப்பிடிப்புக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வில்லியம்சன் நிறுவனத்தின் கேமராவை வாங்கினார். துளையிடும் கருவிக்கும் கச்சா பிலிமுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு ஏப்ரலில் திரும்பினார். கேமராவை வைத்து அவர் முதலில் செய்தது ஒரு வணிகனின் வேலை. தொட்டியில் விதைத்த பட்டாணி முளைவிட்டுக் கொடியாக வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்து, பல நாள் வளர்ச்சியை ஓரிரு நிமிடங்களில் காட்டும் குறும்படமாக்கினார். அதைக் கண்டு வியந்தவர்களிடமிருந்தே அடுத்த கடன் கிடைத்தது. போதாத தொகையைச் சரஸ்வதிபாயின் நகைகள் ஈடுசெய்தன.

அதன்பின் தாதர் வீடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. மின்விளக்குகள் கிடையாது, சூரிய ஒளியே ஒளியமைப்பு. நடிப்பு இழிவாகக் கருதப்பட்டதால், வெளியார் கேட்டால் ஹரிச்சந்திரன் என்பவரின் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொல்லும்படி நடிகர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. தாராமதி வேடத்துக்குப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. உணவகம் ஒன்றில் மாதம் 10 ரூபாய் ஊதியத்துக்குச் சமையல் பணியில் இருந்த அண்ணா சாளுங்கே என்ற இளைஞருக்கு 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்துவந்தார் பால்கே. இந்தியத் திரையின் முதல் கதாநாயகி இவ்வாறு 5 ரூபாய் ஊதிய உயர்வில் கிடைத்தார். பின்னாளில் 'லங்கா தகனம்' படத்தில் ராமன், சீதை ஆகிய இரு வேடங்களையும் இதே சாளுங்கே ஏற்றார்.

சமையற்காரருக்கு ஊதியம் இருந்தது. சரஸ்வதிபாய்க்கு இருக்கவில்லை. படக்குழுவினர் பல பதின்மர் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தனர். அத்தனை பேருக்கும் சமைத்தவர் அவர். அவர்களுடைய உடைகளைத் துவைப்பதும் அவர் பொறுப்பே. வெளிநாட்டிலிருந்து வந்த பிலிமின் ஓரங்களில் துளைகள் இருக்கா. வெளிச்சம் பட்டால் பிலிம் பாழாகும் என்பதால் இரவில், இருட்டறையில், கைத்தடவலால் உணர்ந்து ஒவ்வொரு துளையாக இடவேண்டும். கேமராவின் பற்சக்கரம் அத்துளைகளில்தான் பொருந்தி பிலிமை நகர்த்தும். ஒரு துளை பிசகினாலும் திரையில் காட்சி ஆட்டம் காணும். அந்த நுட்பமான பணியைச் செய்தவர் சரஸ்வதிபாய். இரசாயனங்களைக் கலந்தார், பிலிமைக் கழுவுவதில் துணைநின்றார், நடிகர்களின் முகத்தில் ஒளி சீராக விழ, வெயிலில் மணிக்கணக்கில் வெள்ளைத் துணியைப் பிடித்து நின்றார். தாராமதியாக நடிக்கும்படி கணவர் கேட்டபோது, அதையும் தாம் செய்தால் மற்ற வேலைகளைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது.

நாட்டு வருமானக் கணக்கில் இல்லத்தரசியின் உழைப்பு சேர்க்கப்படுவதில்லை என்பதை மாணவர்களுக்கு விளக்க எத்தனையோ எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். தாதர் வீட்டை விடச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றை நான் அறியேன். சமையல், ஒளியமைப்பு, தொழில்நுட்பக்கூடம், நிதி என நான்கு துறைகளின் பணியை ஊதியமின்றி ஒருவரே செய்ததால்தான் அப்படத்தின் செலவு கட்டுக்குள் நின்றது. அந்த உழைப்புக்குச் சந்தை விலை கொடுத்திருந்தால், திரட்டிய கடன் பாதிப் படத்துக்குக்கூடப் போதியிருக்குமா என்பது ஐயமே.

விலை கொடுத்தோர் வேறு சிலரும் உண்டு. ஹரிச்சந்திரனின் மகன் வேடத்தில் நடித்தவர் பால்கேயின் மகன் பாலச்சந்திரா. வெளிப்புறப் படப்பிடிப்பில் அச்சிறுவன் பாறையில் விழுந்து தலையில் அடிபட்டான். படப்பிடிப்பை நிறுத்தினால் செலவு பெருகும் என்பதால், நினைவிழந்திருந்த நிலையிலேயே மகன் இறந்து கிடக்கும் காட்சியைப் பால்கே படமாக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். இதை அர்ப்பணிப்பு என்று மட்டும் சொல்லிப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. கடன் வாங்கிய பணத்தில் நகரும் ஒவ்வொரு நாளும் ஒரு தந்தையை எத்தகைய முடிவுக்குத் தள்ளக்கூடும் என்பதன் சான்றாகவே இதைக் கருதுகிறேன்.

படம் வென்றது. தொழிலை நாசிக்குக்கு மாற்றினார் பால்கே. அடுத்து வந்த 'மோகினி பஸ்மாசுரன்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்ததால், பெண் வேடத்தில் பெண்களே தோன்றும் வழி திறந்தது. 1914-இல் தம் படங்களுடன் மீண்டும் லண்டன் சென்றபோது, இங்கிலாந்திலேயே தங்கிப் படமெடுக்கும்படி ஹெப்வொர்த் அழைத்தார். பால்கே ஏற்கவில்லை, தொழில் இந்தியாவில்தான் வேர்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் முதல் உலகப்போர் மூண்டதும் கடன் கொடுத்தோர் கைவிரித்தனர். அந்த நெருக்கடியிலிருந்து அவரை மீட்டது 1917-இல் வெளியான 'லங்கா தகன'த்தின் பெருவெற்றி.

வெற்றி முதலீட்டாளர்களை ஈர்த்தது. 1918-இல் பம்பாய் வணிகர்களைப் பங்குதாரர்களாகக் கொண்டு ஹிந்துஸ்தான் பிலிம் கம்பெனி உருவாயிற்று. அவருடைய மகள் மந்தாகினி கண்ணனாக நடித்த 'காளிய மர்த்தனம்' அந்நிறுவனத்தின் படமே. நகைகளை அடகு வைக்கும் நிலை நீங்கியது. அதனுடன் முடிவெடுக்கும் உரிமையும் நீங்கியது. ஒரு படத்துக்கு எவ்வளவு செலவிடலாம், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதைப் பங்குதாரர்கள் வரையறுக்க விரும்பினர். முதலிட்டவர்கள் கணக்குக் கேட்பது தவறன்று. சொந்த வீட்டில் சொந்தக் கடனில் படமெடுத்துப் பழகிய கலைஞனுக்கு அது மூச்சுமுட்டியதும் வியப்பன்று. பால்கே விலகிக் காசிக்குச் சென்று நாடகம் எழுதினார். பிறகு 1922-இல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். ஆனால் பழைய இடம் திரும்பவில்லை.

அதற்குள் அவர் இட்ட விதை நாடெங்கும் முளைத்திருந்தது. அவருடைய படங்களால் தூண்டப்பட்ட சென்னையின் மோட்டார் உதிரிபாக வணிகர் நடராஜ முதலியார், புரசைவாக்கத்தில் கூடம் அமைத்து 'கீசக வதம்' எடுத்தார்; தென்னிந்திய சினிமா அங்கே தொடங்கியது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைக்கப்பட்ட இந்திய சினிமா விசாரணைக் குழுவின் முன் பால்கேயும் சாட்சியம் அளித்தார்.

பேசும்படம் வந்ததும் மௌனப்படங்களின் சந்தை சரிந்தது. 1932-இல் வந்த 'சேதுபந்தனம்' மௌனப்படமாக எடுக்கப்பட்டு, பின்னர் குரல் சேர்க்கப்பட்டது. கோலாப்பூர் சினிடோனுக்காக 1937-இல் இயக்கிய 'கங்காவதரணம்' அவருடைய ஒரே பேசும்படம்; அதுவே கடைசிப் படமும் ஆனது. 90-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்தவரின் இறுதிக்காலம் நாசிக்கில் வறுமையோடு கழிந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், படமெடுக்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. 73 வயதில் பால்கே அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுப்புக் கடிதம் 1944 பிப்ரவரி 14 அன்று வந்துசேர்ந்தது. இரண்டு நாள்களில் அவர் காலமானார்.

1969 முதல் அவர் பெயரால் இந்தியத் திரைத்துறையின் மிக உயர்ந்த விருதை அரசு வழங்கிவருகிறது. தகுதியான பெருமைதான். ஆனால் சுயாதீனப் படங்கள் இன்றும் தாதர் வீட்டின் வழியிலேயே எடுக்கப்படுகின்றன. இயக்குநரின் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. பேட்டாவைக்கூட எதிர்பாராமல் உதவி இயக்குநர்களும் ஒளி உதவியாளர்களும் உழைக்கிறார்கள். படம் வென்றால் பெயர் ஒருவருக்கு, தோற்றால் இழப்பு அனைவருக்கும் என்பதே நடைமுறை. இதைக் கலைமீதுள்ள காதல் என்ற சொல்லால் மூடிவிடுகிறோம்.

சிறு படங்களுக்கு மானியமோ பரிசோ வழங்கும் அமைப்புகள், படக்குழுவினர் அனைவருக்கும் எழுத்து வடிவிலான ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் இருப்பதை முன்நிபந்தனையாக்கலாம். ஊதியத்தை உடனே தர இயலாத தயாரிப்பாளர், வருவாயில் பங்கு என்று எழுதிக் கொடுக்கலாம். இது கலையை முடக்கும் சட்டமாகாது. கடன் கொடுத்தவரைக் கடன் கொடுத்தவர் என்று கணக்கில் எழுதும் நேர்மை. இருட்டறையில் அமர்ந்து பிலிமுக்குத் துளையிட்ட சரஸ்வதிபாயின் பெயருக்கு நேரே 1912-இல் யாரும் ஒரு தொகையை எழுதவில்லை. இன்று அதே வேலையைச் செய்வோரின் பெயருக்கு நேரே எழுதுவது நம்மால் இயலும்.