மூணு பசங்க, ஒரு தோட்டம், ஒரு கேமரா... இமோஜென் கன்னிங்ஹாமின் பிளாக் அண்டு ஒயிட் கதை!

தொட்டியில பூத்த செம்பருத்தியை மொபைல்ல எடுத்து, பிளாக் அண்டு ஒயிட் ஃபில்டர் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த அம்மாவை நீங்க தெரிஞ்சுக்கணும்.

இமோஜென் கன்னிங்ஹாம். 1883-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் பிறந்து, சியாட்டிலில் வளர்ந்தவர். பொண்ணு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்பட்டதும், அப்பா விறகுக் கொட்டகையையே டார்க் ரூமா மாத்திக் கொடுத்துட்டார். காலேஜில் படிச்சது வேதியியல். ஃபீஸுக்காகத் தாவரவியல் துறைக்கு ஸ்லைடு தயாரிச்சுக் கொடுத்தார். அடுத்து ஸ்காலர்ஷிப்பில் ஜெர்மனி போய், போட்டோ கெமிஸ்ட்ரி படிச்சுட்டு வந்து, 1910-ல் சியாட்டிலில் சொந்த ஸ்டூடியோ. 27 வயசுல!

1915-ல் ராய் பார்ட்ரிட்ஜ் என்கிற ஓவியரோடு கல்யாணம். அதே வருஷம் முதல் பையன். 1917-ல் ஸ்டூடியோவை மூடிட்டு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபோனாங்க. அங்கே ரெட்டைப் பசங்க பிறந்தாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு வாண்டுகள். ஓவியர் தன் வேலையைப் பார்க்கப் போயிடுவார். குழந்தைங்களை யார் பார்த்துக்கிறது? கேள்வியே தேவையில்ல.

வாசலைத் தாண்ட முடியாது. கஸ்டமர் வர ஸ்டூடியோவும் இல்ல. பலருக்கு கேமரா பரண்மேல ஏறுற கட்டம் இது. இமோஜென் தோட்டத்துல செடி நட்டார். பசங்க ஒரு பக்கம் விளையாட, இன்னொரு பக்கம் பெரிய கேமராவை நிறுத்தி, செடிகளை எடுக்க ஆரம்பிச்சார். கள்ளி, கற்றாழை, லில்லி... 1920-களில் பாதி வருஷங்கள் இப்படியே போச்சு.

அதுல ஒண்ணுதான் 1925 வாக்கில் எடுத்த ‘மக்னோலியா பிளாஸம்’. நம்ம ஊர் செண்பகத்துக்குச் சொந்தக்காரப் பூதான் மக்னோலியா. ஃபிரேம் முழுக்க ஒரே ஒரு பூ, அவ்வளவுதான். வானம் இல்ல, இலைக்கூட்டம் இல்ல. வெள்ளைப் பூவை போன்ல எடுத்துப் பாருங்க, பல தடவை மொழுக்குன்னு வெளுத்துப்போய்தான் வரும். இந்தப் படத்துல இதழோட ஒவ்வொரு மடிப்பும் சாம்பல் நிறத்துல தனித்தனியா தெரியும். நடுவுல இருக்கிற கூம்பு, ஏதோ கட்டடம் மாதிரி நிமிர்ந்து நிக்கும். கலர் இருந்திருந்தா ‘அழகான பூ’ன்னு சொல்லிட்டுக் கடந்திருப்போம். தாவரவியல் ஸ்லைடு செஞ்ச கை அதுல தெரியுதுன்னு எனக்குத் தோணும்.

அந்தச் செடிப் படங்கள் 1929-ல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் நடந்த பெரிய கண்காட்சியில இடம்பிடிச்சது. 1932-ல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் மாதிரியான ஜாம்பவான்களோட சேர்ந்து ‘எஃப்/64’ குழு. லென்ஸ் திறப்பை ரொம்பச் சின்னதாக்கி, முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் ஷார்ப்பா வர்ற மாதிரி எடுப்பாங்க. அந்த அளவோட பேர்தான் குழுவுக்கும்.

1934-ல் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை வேலைக்காக நியூயார்க் போக வாய்ப்பு வந்தது. தானும் கூட வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொன்னார் கணவர். இமோஜென் காத்திருக்கல. கிளம்பிட்டார். திரும்பி வந்தப்போ கல்யாணம் முடிஞ்சுபோச்சு, விவாகரத்து. பசங்க அப்போ டீன் ஏஜ். அந்த முடிவு அவருக்கு லேசா இருந்திருக்கும்னு நான் நினைக்கல.

அதுக்கப்புறமும் 40 வருஷத்துக்கு மேல கேமராவைக் கீழ வைக்கல. 92 வயசுல, தொண்ணூறைத் தாண்டின ஆட்களைத் தேடித் தேடி போர்ட்ரெய்ட் எடுக்க ஆரம்பிச்சார். 1976-ல், 93 வயசுல இறந்தார். அந்தப் படங்கள் அடுத்த வருஷம் ‘ஆஃப்டர் நைன்டி’ன்னு புத்தகமா வந்தது.

அந்த ரெட்டையர்ல ஒருத்தரான ரோண்டல்? அவரும் போட்டோகிராஃபர்தான் ஆனார்.