நட்சத்திரம் நோக்கியவரின் நிறைக் கணக்கு
அடோல்ப் கெற்லேயின் வாழ்க்கை வரலாறு

வைத்தியசாலைக்குச் செல்லும் இளம்பெண்ணை முதலிலே தராசில் ஏற்றுகிறார்கள். பின்னர் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறிக்கிறார்கள். கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணே உடற்றிணிவுச் சுட்டி. அவளுடைய உடலிற் கொழுப்பு மிகுந்துள்ளதா, பிற்காலத்தில் இருதய நோய் அவளை அணுகக்கூடுமா என்றெல்லாம் அவ்வெண்ணைக் கொண்டு அனுமானிக்கின்றனர். ஆனால், இக்கணக்கை முதன்முதல் வகுத்தவர் வைத்தியரல்லர். வானத்தை நோக்குவதற்கு அமர்த்தப்பெற்ற ஒரு கணித ஆசிரியர். எந்தவொரு தனிமனிதரின் நோயையும் அறிவதற்காக அவர் அதனை வகுத்தாரல்லர்.

இன்று பெல்ஜியத்தைச் சேர்ந்ததும் அன்று பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததுமான கென்ற் நகரிலே, 1796ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி அடோல்ப் கெற்லே பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தமையால், இளமையிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு குடும்பத்துக்கு உதவ வேண்டியவரானார். எனினும் அவருடைய உள்ளம் அக்காலத்திற் கலைகளையே நாடி நின்றது. ஓவியம் தீட்டினார், கவிதை புனைந்தார், நண்பர் டண்டெலினுடன் கூடி இசைநாடகம் ஒன்றையும் இயற்றினார். கணிதம் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது சற்றுப் பின்னரே. புதிதாக நிறுவப்பட்டிருந்த கென்ற் பல்கலைக்கழகம் வழங்கிய முதலாவது விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தை 1819இற் பெற்று, அவ்வாண்டிலேயே பிரசெல்சுக்கு ஆசிரியராகச் சென்றார்.

பிரசெல்சில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைய வேண்டுமென்று அவர் விடாது வற்புறுத்தினார். அதற்கான முறைகளைக் கற்றுவர 1823இன் இறுதியிற் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். அப்பயணமே அவருடைய வாழ்வைத் திசை திருப்பியது. லப்பிளாசு, பூரியே முதலிய பேரறிஞர்களின் நிகழ்தகவுக் கணிதம் அங்கேதான் அவருக்கு நெருக்கமாயிற்று. ஒரே நட்சத்திரத்தின் இருப்பிடத்தைப் பலமுறை அளந்தால், விடைகள் யாவும் ஒத்திருப்பதில்லை. ஒரு நடுப்புள்ளியைச் சூழ மிகுந்தும், விலகுந்தோறும் குறைந்தும் குன்றுபோலக் குவிகின்றன. வானியலார் அறிந்திருந்த இவ்வுண்மையை மனித உடலுக்கும் பொருத்திப் பார்த்தால் என்ன? இக்கேள்வியே கெற்லேயைப் பற்றிக்கொண்டது. 1830ஆம் ஆண்டுப் புரட்சியால் வானாராய்ச்சி நிலையத்தின் வேலை தடைப்பட்டுக் கிடந்த அந்நாட்களிலே, அவர் மனிதரை நிறுக்கத் தொடங்கினார்.

அவர் எத்துணைப் பொறுமையுடன் நிறுத்தார் என்பது வியப்புக்குரியது. பிரசெல்சின் பிள்ளைப்பேற்று விடுதியிலே பிறந்த சிசுக்களைத் தராசில் இட்டு, ஆண் குழந்தையின் சராசரி நிறை 3.20 கிலோகிராம், பெண் குழந்தையினது 2.91 கிலோகிராம் எனக் கண்டார். பாடசாலைப் பிள்ளைகள், வளர்ந்தோர், விடுதிகளில் வாழ்ந்த முதியோர் எனப் பல வயதினரையும் நிறுத்தார். ஆடையுடன் நிறுக்கப்பட்டோரில், ஆணின் நிறையிற் பதினெட்டில் ஒரு பங்கையும் பெண்ணின் நிறையில் இருபத்துநான்கில் ஒரு பங்கையும் ஆடைக்கெனக் கழித்துக்கொண்டார்! பெண்களுக்கெனத் தனிப்பட்டியல் வகுத்ததும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆண் நாற்பது வயதளவிலே உச்ச நிறையை அடைகிறான். பெண்ணோ ஐம்பதை அண்மியே அதனை அடைகிறாள் என்பது அவர் கண்ட முடிபு. அவ்வேற்றுமையின் உட்பொருள் வைத்தியருக்கு விளங்க மேலும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

மனிதன் எல்லாப் பக்கமும் சமமாக வளர்வானாயின், நிறை உயரத்தின் கனத்தைப் பின்பற்ற வேண்டும். வளர்ந்த மனிதரிடம் அஃது ஏறத்தாழ வர்க்கத்தையே பின்பற்றுகிறதென்று கெற்லே கண்டறிந்தார். இதனை உள்ளடக்கிய அவருடைய பெருநூல் 1835இல் வெளியாயிற்று. சராசரி மனிதன் என்னும் கற்பனை உருவை உலகுக்கு அளித்ததும் அந்நூலே. பின்னர், ஸ்கொத்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவுகளை எடுத்து ஆராய்ந்து, அவையும் நட்சத்திர அளவைகள் போலவே குவிவதைக் காட்டினார். சராசரியை நிறைவின் வடிவமாகவே அவர் போற்றியது மிகையென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அவர் பேசியது கூட்டத்தைப் பற்றியே.

புகழ் பெருகிற்று. 1853இல் முதலாவது சர்வதேசப் புள்ளிவிபர மாநாடு அவருடைய முயற்சியாற் பிரசெல்சிற் கூடியது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவரை ஆசானாகவே மதித்தார். ஆனால் 1855இல், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், அவர் பக்கவாதத்துக்கு ஆளானார். நினைவாற்றலும் எழுத்தும் தளர்ந்தன. குருதிக் குழாய்களின் நோயே அம்மனிதரை வீழ்த்தியது. தளர்ந்த நிலையிலும் உழைப்பை விடாது, 1874 பெப்ரவரி 17ஆந் திகதி காலமானார்.

அவருடைய கணக்கு தனியே வாழ்ந்தது. 1972இல் அமெரிக்க அறிஞர் அன்செல் கீசும் அவர்தங் குழுவினரும் ஐந்து நாடுகளிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அதனைச் சோதித்து, உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டனர். சோதிக்கப்பட்டோர் அனைவரும் ஆண்கள். அவ்வெண் பெண்களுக்கும் பொதுவாயிற்று.

கொழுப்பு எவ்வளவு என்பதினும் எங்கே தங்கியுள்ளது என்பதே முதன்மையானதென்று, மார்செய் நகர வைத்தியர் ஜோன் வாக் 1947இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். இளம்பெண்களின் உடலிற் கொழுப்பு, ஈஸ்திரசன் சுரப்பின் ஆதிக்கத்தால், பெரும்பாலும் இடுப்பின் கீழும் தொடைகளிலும் தங்குகிறது. அதனால் வரும் தீங்கு சிறிது. வயிற்றினுள்ளே, ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் கொழுப்போ வேறு வகையது. அது மிகும்போது குருதியில் திரிகிளிசரைட்டு உயர்கிறது. நல்லதென வழங்கும் கொலஸ்ரரோல் தாழ்கிறது. இன்சுலின் தன் வலுவை இழக்கிறது. இரத்த அமுக்கமும், அழற்சியைக் காட்டும் புரதமும் ஏறுகின்றன. இருபதிலும் முப்பதிலும் உள்ள பெண்ணிடத்து இவை நோவெதுவுமின்றியே தொடங்கிவிடலாம். மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றை நாடுவதும் இருதய நோய் பெருகுவதும் தொடர்கின்றன.

சுவீடனின் கோதன்பேர்க் நகரிலே 38 முதல் 60 வயது வரையான 1,462 பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினர். மாரடைப்பை முன்னறிவிப்பதில், உடற்றிணிவுச் சுட்டியை விட இடைச்சுற்றளவுக்கும் இடுப்புச்சுற்றளவுக்கும் உள்ள விகிதமே வலிதாக நின்றதென 1984இல் வெளியிட்டனர். தையற்காரரிடமுள்ள நாடாவே அதற்குப் போதுமாயிருந்தது.

நம் போன்ற ஆசிய மக்களுக்கு இது பின்னும் நெருங்கிய செய்தி. ஒரே சுட்டியெண்ணுடைய ஐரோப்பியப் பெண்ணை விட ஆசியப் பெண்ணின் உடலிற் பொதுவாகக் கொழுப்பு மிகுதி. ஆதலால் ஆசிய மக்களிடத்துச் சுட்டி 23ஐ எட்டும்போதே கவனம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு கூறியது 2004இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தென்னாசியப் பெண்ணின் இடைச்சுற்றளவுக்கு 80 சென்ரிமீற்றரை எல்லையாக வகுத்தது. தராசிலே குறைவின்றித் தேறிய ஓர் இளம்பெண், நாடாவிலே அவ்வெல்லையைக் கடந்து நிற்றல் கூடும்.